பான் நகரமும் மாற்றுத்திறனாளிகளும்

ஜெர்மனியில் மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றை ஒரே ஊரை வைத்துச் சொல்ல வேண்டுமானால் அதற்குப் பொருத்தமான ஊர் பான். ரைன் ஆற்றங்கரையில், கொலோனுக்குத் தெற்கே, சுமார் மூன்றேகால் லட்சம் மக்கள் வாழும் நடுத்தர நகரம் அது. 1949 முதல் 1990 வரை மேற்கு ஜெர்மனியின் தலைநகராகவும், அதன்பின் 1999 வரை ஒன்றுபட்ட ஜெர்மனியின் நாடாளுமன்றம் கூடும் இடமாகவும் இருந்தது. போரில் உறுப்பிழந்தோருக்கு ஓய்வூதியம், வேலையில் ஒதுக்கீடு, இலவசப் பயணம், பராமரிப்புக் காப்பீடு, அரசமைப்புச் சட்டத்தில் சமத்துவம் என்று மாற்றுத்திறனாளிகளைத் தொட்ட பெரிய சட்டங்கள் எல்லாம் அரை நூற்றாண்டுக் காலம் இங்கேதான் விவாதிக்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், இதே ஊரின் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எந்த நோயாளி வாழலாம், எவர் சாகலாம் என்று படிவங்களில் குறியிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பானின் கதை விளங்கும்.

பானுக்கு எதிர்க்கரையில் சற்று உள்ளே தள்ளி இருக்கும் சீக்பூர்க்கில், குன்றின் மேல் இருந்த பழைய மடாலயக் கட்டடத்தில் 1825இல் ரைன் மாகாணத்தின் முதல் மனநல மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. அதன் தலைவர் மாக்சிமிலியன் யாக்கோபி. மனநோயாளிகளைச் சிறையிலும் ஏழை விடுதியிலும் அடைத்துப் போடாமல் வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது புதிது. அவரிடம் பணியாற்றிய ஃபிரான்ஸ் ரிஹார்ட்ஸ் 1844இல் பானை ஒட்டிய எண்டெனிஷ் கிராமத்தில் தோட்டத்தோடு கூடிய ஒரு மாளிகையில் தனியார் மருத்துவமனை தொடங்கினார். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான், டுசல்டார்ஃபில் ரைன் ஆற்றில் குதித்துக் காப்பாற்றப்பட்ட சில நாட்களில், 1854 மார்ச் மாதம் இங்கே சேர்க்கப்பட்டார். பியானோ இருந்தது, நகருக்குள் நடந்து போய்வர அனுமதி இருந்தது, கூடவே ஒரு காவலாளும் இருந்தார். ஆனால் மனைவி கிளாராவைப் பார்க்க மருத்துவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இசையவில்லை. 1856 ஜூலை 27ஆம் தேதிதான் அவர் உள்ளே வர முடிந்தது. 29ஆம் தேதி ஷூமான் இறந்தார். அந்தக் காலத்து நல்ல காப்பகத்தின் அளவும் எல்லையும் இந்த ஒரு நோயாளியிடம் தெரிகின்றன. உடலுக்குக் கனிவு காட்டினார்கள். உறவையும் ஊரையும் அறுத்துவிட்டார்கள். அந்த வீடு இன்று நகராட்சியின் இசை நூலகம்.

சீக்பூர்க் நிலையம் 1878இல் மூடப்பட்டது. அதற்கு ஈடாக மாகாண நிர்வாகம் ஐந்து பெரிய மருத்துவ நிலையங்களைக் கட்டியது. அவற்றுள் ஒன்று 1882இல் பானில் திறந்தது. சிறுசிறு கட்டடங்கள், தோட்டம், தொழிற்கூடம், சுற்றிலும் மதில் என்ற அமைப்பு. இன்றும் அதே இடத்தில் மனநல மருத்துவமனையாக இயங்குகிறது.

பானில் பிறந்தவர்களில் உலகறிந்த மாற்றுத்திறனாளி பீத்தோவன். அவர் ஊரை விட்டுப் போனபோது இருபத்தொரு வயது. காது மங்கியது வியன்னாவில். இருந்தாலும் அவர் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில், இயந்திரக் கைவினைஞர் மெல்ட்ஸல் செய்துகொடுத்த உலோகக் காதுக் குழாய்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. மேதையின் ஊனத்தை வியந்து பார்ப்பது எளிது. அடுத்த வீட்டுக்காரரின் ஊனத்தோடு சேர்ந்து வாழ்வதுதான் பானுக்கும் பிற ஊர்களுக்கும் கடினமாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பான் மருத்துவத்தில் முன்னோடியாக விளங்கியது. ஓட்டோ லோவென்ஷ்டைன் என்ற யூத மருத்துவர் 1926இல் இங்கே குழந்தைகளுக்கென்றே தனி மனநல மருத்துவமனையை நிறுவினார். பெரியவர்களின் வார்டில் ஒரு மூலையாக இல்லாமல் தனக்கெனக் கட்டடமும் ஊழியரும் கொண்ட இத்தகைய நிலையம் உலகிலேயே முதலில் தோன்றியவற்றுள் ஒன்று. முதல் உலகப் போரில் தலையில் குண்டுக் காயம்பட்ட சிப்பாய்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர் வால்ட்டர் பொப்பெல்ராய்ட்டர். அவரும் பானில்தான் இருந்தார். 1933 மார்ச் மாதம், ஹிட்லர் ஆட்சியைப் பிடித்துச் சில வாரங்களே ஆன நேரத்தில், நாஜிக் குண்டர் படை ஒன்று லோவென்ஷ்டைனின் மருத்துவமனைக்குள் புகுந்தது. படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் சக மருத்துவரான அதே பொப்பெல்ராய்ட்டர். லோவென்ஷ்டைன் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி, பின்னர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அதே ஆண்டு ஜூலை 14ஆம் தேதி வந்த சட்டம், பரம்பரை நோயுள்ள வாரிசுகளைத் தடுப்பது என்ற பெயரில் கட்டாயக் கருத்தடைக்கு வழிசெய்தது. பிறவிக் காது கேளாமை, பிறவிப் பார்வையின்மை, வலிப்பு, மனச்சிதைவு, அறிவுத்திறன் குறைவு ஆகியவை பட்டியலில் இருந்தன. நாடு முழுவதும் சுமார் 4 லட்சம் பேர் இதற்கு ஆளானார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது என்பதுதான் இதில் அச்சமூட்டுவது: மனு, விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு, பிறகு அறுவை. பானிலும் இதற்கென ஒரு நீதிமன்றம் இருந்தது. பல்கலைக்கழகத்தின் மனநலப் பேராசிரியர் குர்ட் போலிஷ், 1930களின் நடுவில், பரம்பரை ஆராய்ச்சி நிலையம் ஒன்றை மாகாணப் பணத்தில் பானில் தொடங்கினார். ரைன்லாந்துக் குடும்பங்களின் நோய் வரலாறு அங்கே அட்டைகளில் பதியப்பட்டு அடுக்கப்பட்டது.

1939இல் தொடங்கிய நோயாளிகள் கொலைத் திட்டம் பெர்லினில் டியர்கார்ட்டன் தெரு 4ஆம் எண் வீட்டிலிருந்து நடத்தப்பட்டது. காப்பகங்கள் நோயாளிக்கு ஒன்றாகப் படிவம் நிரப்பி அனுப்பின. நோய் என்ன, எவ்வளவு காலமாக, வேலை செய்ய முடியுமா, பார்க்க யாராவது வருகிறார்களா என்பவை கேள்விகள். படிவத்தின் கீழே இடது மூலையில் கறுப்புக் கட்டமிட்ட ஓர் இடம் இருக்கும். மதிப்பீட்டாளர் அதில் சிவப்பில் கூட்டல் குறி போட்டால் சாவு. நீலத்தில் கழித்தல் குறி போட்டால் உயிர். நோயாளியை அவர் பார்த்ததே இல்லை. இந்த மதிப்பீட்டாளர்களின் பட்டியலில் பானிலிருந்து போலிஷும் அவருடைய சகா ஃபிரீட்ரிஷ் பான்ஸெயும் இருந்தார்கள். ரைன்லாந்து நோயாளிகள் முதலில் ஆண்டர்நாக், கால்க்ஹவுசன் என்ற இடைநிலைக் காப்பகங்களுக்கும், அங்கிருந்து ஹாடமாருக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். 1941 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை ஹாடமாரின் விஷவாயு அறையில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மியூன்ஸ்டர் ஆயர் ஃபான் காலன் அந்த ஆகஸ்டில் பிரசங்க மேடையிலிருந்து இதைக் கொலை என்றே கண்டித்த பிறகு விஷவாயு நிறுத்தப்பட்டது. கொலை நிற்கவில்லை, பட்டினியாலும் மருந்தாலும் போர் முடியும்வரை தொடர்ந்தது.

போருக்குப் பின் டுசல்டார்ஃபில் நடந்த வழக்கில் போலிஷும் பான்ஸெயும் விடுதலையானார்கள். போலிஷ் பான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். பான்ஸெ டுசல்டார்ஃபில் பேராசிரியராகி, 1960களில் ஜெர்மன் மனநல மருத்துவர் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். அவருக்குத் தந்த கௌரவ உறுப்பினர் தகுதியை அந்தச் சங்கம் 2011இல்தான் பறித்தது.

1949 செப்டம்பர் 12ஆம் தேதி, புதிய குடியரசின் முதல் தலைவர் தியோடர் ஹாய்ஸ் பான் சந்தைச் சதுக்கத்தில் பழைய நகரமன்றத்தின் வெளிப்படிக்கட்டில் ஏறி நின்று மக்களிடம் பேசினார். இருபுறமும் வளைந்து ஏறும் பதினெட்டாம் நூற்றாண்டுப் படிக்கட்டு அது. பிறகு டி கோலும் கென்னடியும் அதே படிக்கட்டில்தான் நின்றார்கள். கீழே கூடியிருந்தவர்களில் காலோ கையோ இழந்த ஆண்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள், ஏனென்றால் அந்த நாடே அப்படித்தான் இருந்தது. போரில் ஊனமுற்றோர் லட்சக்கணக்கில் இருந்தனர், அவர்களுக்கு ஓட்டும் சங்கமும் இருந்தன. எனவே பான் அரசு முதலில் அவர்களைக் கவனித்தது: 1950 டிசம்பரில் போரால் பாதிக்கப்பட்டோருக்கான ஓய்வூதியச் சட்டம், 1953இல் வேலை ஒதுக்கீட்டுச் சட்டம்.

ஊனத்தைவிட ஊனத்தின் காரணம் முக்கியமாகிப்போனது இந்தச் சட்டங்களின் பெரிய ஓட்டை. ரஷ்யப் போர்முனையில் கால் இழந்தவருக்கும், தொழிற்சாலை இயந்திரத்தில் கை போனவருக்கும் ஒதுக்கீட்டு வேலை உண்டு. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர்களுக்கு அதே உரிமை கிடையாது. அவர்கள் ஏழைகளுக்கான உதவியைத்தான் நாட வேண்டியிருந்தது. 1961இல் வந்த சமூக உதவிச் சட்டம் இவர்களுக்கும் கல்வி, மருத்துவம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்குக் கை கொடுத்தது, ஆனால் குடும்ப வருமானத்தைத் துருவிப் பார்த்த பிறகுதான். சிகிச்சையறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் இருவரில் ஒருவர் நாட்டின் கடனாளி அல்ல, கடன் கொடுத்தவர். மற்றவர் பிச்சை கேட்பவர் போல நடத்தப்பட்டார்.

கட்டாயக் கருத்தடைக்கு ஆளானவர்களுக்கோ எதுவுமே இல்லை. நாஜிக் கொடுமைக்கு இழப்பீடு தரும் சட்டத்தில் அவர்கள் சேர்க்கப்படவில்லை. சேர்க்கலாமா என்று நாடாளுமன்றக் குழு 1961 ஏப்ரலில் பானில் நிபுணர்களை அழைத்துக் கேட்டது. அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் வெர்னர் ஃபில்லிங்கர். அவர் பெயரும் பழைய மதிப்பீட்டாளர் பட்டியலில் உண்டு. இழப்பீடு தந்தால் அதனாலேயே அவர்களுக்குப் புதிதாக நரம்புத் தளர்ச்சி வரக்கூடும் என்பது அவர் கருத்து. இதே ஃபில்லிங்கர், அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளின் பெற்றோருக்காக 1958இல் மார்பூர்க்கில் தொடங்கிய லேபென்ஸ்ஹில்ஃபெ சங்கத்தின் நிறுவனர்களிலும் ஒருவர். அந்தச் சங்கமே இன்று நாட்டின் மிகப் பெரிய பெற்றோர் அமைப்பு. கருத்தடைக்கு ஆளானவர்களுக்கு 1980இல்தான் தலைக்கு 5,000 மார்க் ஒரே தவணையாகக் கிடைத்தது. 1988இல் நாடாளுமன்றம் அதை அநீதி என்று அறிவித்தது. 1998இல் பழைய தீர்ப்புகளைச் சட்டப்படி ரத்து செய்தது. கொல்லப்பட்டோரையும் கருத்தடைக்கு ஆளானோரையும் நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர்களாக முறைப்படி ஏற்க 2025 ஜனவரி வரை ஆயிற்று.

பொதுமக்களின் கவனத்தைத் திருப்பியது கான்டெர்கன் மாத்திரை. ஆகனுக்கு அருகே ஷ்டோல்பெர்க்கில் உள்ள க்ரூனன்தால் நிறுவனம் 1957 அக்டோபரில் விற்கத் தொடங்கிய தூக்க மருந்து அது. தாலிடோமைடு என்றால் தமிழ் வாசகர்களுக்கு நினைவுக்கு வரும். கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் மருந்து திரும்பப் பெறப்பட்டபோது ஜெர்மனியில் மட்டும் சுமார் 5,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். காரணத்தைப் பரம்பரையின் மேலோ பெற்றோரின் பாவத்தின் மேலோ போட முடியாத ஊனம் இது. நடுத்தர வர்க்க வீடுகளில், படித்த பெற்றோருக்கு, பட்டப்பகலில் நிகழ்ந்தது. மறைத்து வளர்ப்பது இயலாமல் போயிற்று.

இதன் விளைவாக 1964 அக்டோபரில் தொடங்கியது ‘ஆக்ட்ஸியோன் ஸோர்கன்கிண்ட்’. பத்திரிகையாளர் ஹான்ஸ் மோல் முன்கை எடுக்க, ஸெட்.டி.எஃப். தொலைக்காட்சியும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து நடத்திய இந்த நிதி இயக்கம் பானைத் தலைமையிடமாகக் கொண்டது. தொலைக்காட்சியில் வினாடி வினா நிகழ்ச்சி, அதோடு லாட்டரிச் சீட்டு. சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி பரிசு, மற்றொன்று குழந்தைகளுக்கான பள்ளி, வேன், காப்பகம். கோடிக்கணக்கான மார்க் திரண்டது. இன்றுள்ள பல தொழிற்கூடங்களும் குடியிருப்புகளும் அந்தப் பணத்தில் எழுந்தவை. ஆனால் சுவரொட்டியில் எப்போதும் ஒரு குழந்தை, ஊன்றுகோல், ஈரமான கண்கள். பணம் போட்டவர் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். தன் தெருவில், தன் அலுவலகத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து இருபது வயதை எட்டியபோது இதைத்தான் முதலில் எதிர்த்தார்கள்.

இதற்கிடையே 1974 மே மாதம் நடைமுறைக்கு வந்த கடும் ஊனமுற்றோர் சட்டம், காரணம் எதுவானாலும் ஊனம் ஊனமே என்று ஏற்றது. 16 பேருக்குக் குறையாமல் வேலை தரும் எந்த நிறுவனமும் 6 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும். ஒதுக்காத ஒவ்வோர் இடத்துக்கும் மாதம் 100 மார்க் கட்ட வேண்டும். நிறையப் பேர் பணத்தைக் கட்டிவிட்டு ஆளை எடுக்காமல் இருந்தார்கள் என்றாலும், சிப்பாய்க்கும் வாதம் வந்த பெண்ணுக்கும் ஒரே அடையாள அட்டை கிடைத்தது சிறிய மாற்றம் அல்ல. ஜெர்மன் மாற்றுத்திறனாளிகள் இன்றும் பையில் வைத்திருக்கும் அட்டை அதன் வாரிசு. அதில் பத்துப் பத்தாக ஏறும் ஊன அளவும், நடக்கச் சிரமப்படுபவர், பார்வையற்றவர், துணையாள் தேவைப்படுபவர் என்பவற்றுக்குத் தனித்தனி எழுத்துகளும் இருக்கும். 1979இல் இந்த அட்டையைக் காட்டினால் நகரப் பேருந்திலும் டிராமிலும் பலர் இலவசமாகப் போகலாம் என்றானது. ஐந்தாண்டுக்குள் சிக்கன நடவடிக்கை என்று ஆண்டுக்கு 120 மார்க் முத்திரைக் கட்டணம் விதித்தார்கள். இலவசம் இருந்தது சரி. பேருந்துக்குள் ஏறுவதற்கு மூன்று படி இருந்ததே, அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிராங்க்பர்ட்டில் 1974 முதல் ஏர்ன்ஸ்ட் க்ளேயும் குஸ்டி ஷ்டைனரும் நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்தவர்கள் சக்கர நாற்காலியோடு டிராமை மறித்தார்கள். பிரேமனில் 1978இல் ஃப்ரான்ஸ் கிறிஸ்டோஃபும் ஹார்ஸ்ட் ஃப்ரேயெயும் ஊனமில்லாதவர்களைச் சேர்க்காமல் ஒரு குழு தொடங்கினார்கள். வசைச் சொல்லையே தங்கள் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். 1980 பிப்ரவரியில் பிராங்க்பர்ட் நீதிமன்றம், விடுதியில் ஊனமுற்ற பயணிகள் இருந்ததால் விடுமுறை இன்பம் கெட்டது என்ற சுற்றுலாப் பயணிக்குப் பணம் திரும்பத் தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து மே மாதம் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள்.

மறு ஆண்டு 1981, ஐ.நா.வின் சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. பான் அரசு டார்ட்முண்டில் பெரிய மண்டபத்தில் தொடக்க விழா எடுத்தது. குடியரசுத் தலைவர் கார்ல் கார்ஸ்டன்ஸ் பேச வந்தபோது மேடையைச் சங்கிலியும் சக்கர நாற்காலியுமாக மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் வேறு இடத்தில் பேச வேண்டியதாயிற்று. ஜூன் மாதம் டுசல்டார்ஃப் கண்காட்சியில் ஃப்ரான்ஸ் கிறிஸ்டோஃப் தன் ஊன்றுகோலால் கார்ஸ்டன்ஸின் காலில் அடித்தார். வேறு யாராவது அடித்திருந்தால் அன்றே சிறை. கிறிஸ்டோஃப் மீது வழக்கே போடவில்லை. தன் செயலுக்குத் தான் பொறுப்பாளி என்றுகூட அரசு ஏற்கவில்லையே என்பதுதான் அவர் நிறுவ விரும்பியது. அரசே அதை நிறுவிக் கொடுத்தது.

பான் நகரத்துக்குள் நடந்த மாற்றம் இவ்வளவு ஓசையில்லாதது. ஜெர்மன் கல்விமுறை பார்வை, செவி, அறிவுத்திறன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறப்புப் பள்ளி வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தது. 1973இல் கல்விக் குழு ஒன்று இதைக் குறைக்கச் சொன்னது. பெர்லினில் 1975இல் ஒரு தொடக்கப் பள்ளி முயன்றது. 1981இல் பானின் ஃப்ரீஸ்டார்ஃப் பகுதித் தொடக்கப் பள்ளியொன்றில், பெற்றோரின் விடாப்பிடியால், எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் வகுப்பு தொடங்கியது. நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் இது முன்னோடி. ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், பிள்ளைகள் குறைவு. அந்தப் பிள்ளைகள் நான்காம் வகுப்பு முடித்ததும் எங்கே போவார்கள் என்ற கேள்வி வந்தபோது, போய்லில் இருந்த ஒருங்கிணைந்த மேல்நிலைப் பள்ளி கதவைத் திறந்தது. பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உடனிருந்து கவனித்தார்கள். மாநிலம் முழுவதற்கும் இது சட்டமாக 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1990 அக்டோபர் 12ஆம் தேதி, ஜெர்மனி ஒன்றிணைந்து ஒன்பது நாள் ஆன நிலையில், அந்த இணைப்பு ஒப்பந்தத்தை எழுதிய உள்துறை அமைச்சர் வோல்ஃப்காங் ஷொய்ப்ளே தேர்தல் கூட்டத்தில் சுடப்பட்டார். உடலின் கீழ்ப்பகுதி செயலிழந்தது. சில வாரங்களில் சக்கர நாற்காலியில் பானுக்கு வேலைக்குத் திரும்பினார். 1991 ஜூன் 20ஆம் தேதி தலைநகர் எது என்ற விவாதத்தில் அவர் ஆற்றிய உரை அவையைப் புரட்டியது. 338க்கு 320 என்ற வாக்கில் பெர்லின் வென்றது. பான் தன் தலைநகர் தகுதியை இழந்ததில் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவருக்குத்தான் பெரும் பங்கு. நாட்டின் அதிகாரம் மிக்கவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார் என்பதால் மற்றவர்களுக்குப் படிக்கட்டு சாய்தளமாகிவிடவில்லை. அவரால் பிரதமராக முடியுமா என்று பத்திரிகைகள் 1997இலும் கேட்டுக்கொண்டிருந்தன.

ஒன்றிணைந்த நாட்டுக்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் வேலை வந்தபோது, ஊனத்தின் பேரில் யாருக்கும் பாதகம் செய்யக் கூடாது என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்று அமைப்புகள் கேட்டன. கூட்டுக் குழுவில் பெரும்பான்மை கிடைத்தது; தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. வெற்று வரி, நீதிமன்றத்துக்குத் தலைவலி என்று ஆளுங்கட்சியில் பலர் சொன்னார்கள். மாற்றுத்திறனாளிகள் ஊர் ஊராக, 1992 முதல் ஒவ்வொரு மே 5ஆம் தேதியும் ஊர்வலம் நடத்தினார்கள். போர் ஊனமுற்றோரின் பழைய சங்கமான வி.டி.கே.யும் உடன் நின்றது. தேர்தல் ஆண்டில் அதன் உறுப்பினர் எண்ணிக்கையைப் பிரதமர் ஹெல்முட் கோல் மறந்திருக்க மாட்டார். அவர் இசைந்தார். 1994 ஜூன் 30ஆம் தேதி பானில் நாடாளுமன்றம் அந்த வரியை ஏற்றது. நவம்பர் 15 முதல் அது அடிப்படைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இருக்கிறது. அதே ஆண்டு நிறைவேறிய பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் 1995 முதல் வீட்டுப் பராமரிப்புக்கும் பணம் தந்தது.

அந்த ஒரு வரியின் வலு எவ்வளவு என்பதை 1998 ஜனவரியில் கொலோன் உயர் நீதிமன்றம் காட்டியது. கிராமம் ஒன்றில் அறிவுத்திறன் குறைந்த ஏழு பேர் வாழ்ந்த வீட்டின் தோட்டத்திலிருந்து வந்த, சொல்லாக உருப்பெறாத ஒலிகள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லை என்று வழக்கு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இந்தக் கிழமையில் இத்தனை மணிக்கு மேல் அவர்கள் தோட்டத்தில் ஒலி எழுப்பக் கூடாது என்று நீதிமன்றம் நேரம் குறித்துக் கொடுத்தது. புல்வெட்டும் எந்திரத்துக்கு நேரம் குறிப்பது போலத்தான்.

அந்த ஆண்டு பானில் ‘ஓரன்குஸ்’ என்ற இதழ் தொடங்கியது. உயிரியலாளர் கட்யா டெ பிரகான்ஸா தொடங்கிய இதில் எழுதுபவர்கள் அனைவரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள். ஆண்டுக்கு இரண்டு இதழ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். கையால் எழுதுவார்கள், தட்டச்சு செய்வார்கள், முடியாதவர்கள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்வார். எழுத்துப்பிழையையும் வாக்கிய அமைப்பையும் யாரும் திருத்துவதில்லை. இதே வட்டத்திலிருந்து வந்ததுதான் 2016 அக்டோபரில் பான் தேசியக் கலைக்கூடத்தில் திறந்த ‘டச்டவுன்’ கண்காட்சி. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் அதை உருவாக்குவதில் பங்கெடுத்ததோடு, பார்வையாளர்களை அழைத்துச் சென்று விளக்கவும் செய்தார்கள். ஹாடமார் வரலாறும் அதில் இருந்தது. போலிஷின் ஊரில் அதை அவர்களே நின்று சொன்னார்கள்.

சுவரொட்டிக் குழந்தையை மையமாக வைத்திருந்த நிதி இயக்கமும் மாறியது. 1997இல் அரசமைப்புச் சட்ட வரியை வீட்டுக்கு வீடு கொண்டுபோகும் விளம்பர இயக்கத்தை நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகளோடு சேர்ந்து நடத்தியது. 2000 மார்ச்சில் ‘ஆக்ட்ஸியோன் மென்ஷ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. லாட்டரி தொடர்கிறது, அலுவலகம் இன்றும் பானில்தான்.

நாடாளுமன்றம் பெர்லினுக்குப் போன 1999ஆம் ஆண்டில், செப்டம்பர் 3ஆம் தேதி, சர்வதேச பாராலிம்பிக் குழு பானில் தலைமையகம் திறந்தது. அந்தப் போட்டிகளின் மூலவரான லுட்விக் குட்மான், 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து போன ஜெர்மன் யூத மருத்துவர். 1948இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் அவற்றைத் தொடங்கிவைத்தார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக் முடிந்ததும் வீரர் குடியிருப்பைப் பிறருக்கு விற்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிப் போட்டியை ஹைடல்பெர்கில் நடத்தினார்கள். அங்கேதான் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு ரியோ, டோக்கியோ, பாரிஸ் என மூன்று போட்டிகளில் உயரம் தாண்டிப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டிகளில் யார் எந்த ஊனப் பிரிவில் ஆடுவது என்ற விதிகள் வகுக்கப்படுவது பானில்.

தெருவுக்கு வந்தால் வேலை இன்னும் நுணுக்கமானது. நடைபாதையின் விளிம்பு சக்கர நாற்காலிக்காரருக்குச் சாலையோடு சமமாக இருக்க வேண்டும். பார்வையற்றவருக்கோ ஊன்றுகோல் தட்டுப்பட ஒரு விளிம்பு வேண்டும், இல்லையென்றால் தெரியாமல் சாலையில் இறங்கிவிடுவார். ஜெர்மன் பொறியாளர்கள் நெடுங்காலம் 3 சென்டிமீட்டர் என்று பேரம் பேசி வைத்திருந்தார்கள், இருவருக்கும் அரைகுறை. இப்போது பல இடங்களில் ஒரே கடவையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் சமதளம், மறுபக்கம் 6 சென்டிமீட்டர் விளிம்பும் வரி போட்ட வழிகாட்டிக் கல்லும் வைக்கிறார்கள். பொதுக் கழிப்பறைக்கு 1986இல் டார்ம்ஷ்டாட்டில் உருவான ஒரு சாவி உண்டு. ஊன அட்டை உள்ளவர் வாங்கிக்கொண்டால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான கழிப்பறைகளை அதே சாவியால் திறக்கலாம்.

பானின் நகர ரயில் 1975இல் சுரங்கத்தில் ஓடத் தொடங்கியது. பெட்டியின் தரை ஒரு மீட்டர் உயரம். சுரங்க நிலையத்தின் நடைமேடையிலிருந்து நேராக உருண்டு உள்ளே போகலாம், ஆனால் தெருவிலிருந்து நடைமேடைக்கு இறங்க மின்தூக்கி வேலை செய்ய வேண்டும். 1994இல் தாழ்தள டிராம்கள் வந்தன. 2020களில் அவற்றுக்கு மாற்றாக ஸ்கோடா நிறுவனத்தின் புதிய டிராம்கள் வரத் தொடங்கின. நகர ரயிலுக்கு உயர்ந்த நடைமேடை வேண்டும், டிராமுக்குத் தாழ்ந்தது. இரண்டும் ஊருக்குள் சில இடங்களில் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஓரிடத்தில் ஒன்றுக்குப் பொருத்தமாகக் கட்டினால் மற்றதற்குப் பொருந்தாது.

2009இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்ற ஜெர்மனி, பயணிகள் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, நகரப் போக்குவரத்து முழுவதும் 2022 ஜனவரி 1ஆம் தேதிக்குள் தடையற்றதாக வேண்டும் என்று கெடு வைத்தது. பெரும்பாலான நகரங்கள் அதை எட்டவில்லை. சட்டத்திலேயே விலக்குக்கு வழியும் இருந்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்யத் தந்த ஐந்தாண்டுக் கெடுவும் அதே 2022இல் முடிந்தது. சென்னையில், உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்த பிறகு, தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கின.